யூத இல்லமா, சொந்த வீடா, பக்கத்து இல்லமா: ரொறன்ரோவில் ஒரு முதியவரின் கடைசிக் காலத்துக்கான தெரிவுகள்

இரண்டு வாசகர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் யூதக் குடும்பத்தில் கலியாணம் செய்த தமிழ்ப் பெண். மாமிக்கு 88 வயது. பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் அடுக்குமாடி வீடொன்றில் தனியே இருக்கிறார், ஞாபகமறதி தொடங்கிவிட்டது. யூத முதியோர் இல்லத்தில் சேர்க்கவேண்டும் என்று கணவர் நிற்கிறார். வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்க்கலாம் என்று கணவரின் அக்கா நிற்கிறார். மற்றவர் ஒரு யூத முதியவரின் வீட்டில் கிழமைக்கு ஐந்து நாள் தங்கி வேலை செய்யும் பராமரிப்புப் பணியாளர். "அப்பாவை எங்களைவிட உனக்குத்தான் தெரியும், நீ என்ன நினைக்கிறாய்?" என்று முதியவரின் பிள்ளைகள் அவரிடம் கேட்கிறார்களாம்.

நான் வீடுவீடாகப் போகும் தாதி. நகரின் வடக்கில் யூதர்கள் செறிந்து வாழும் பகுதிகளும் என் சுற்றில் வரும், இல்லங்களுக்கும் போவேன். அதனால் இந்தத் தெரிவுகளைக் கட்டில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எது நல்லது என்று ஒரே வரியில் கேட்டால் பதில் இல்லை. எதை வைத்து அளப்பது என்று முதலில் பேசிக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

இல்லங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறையையும் சாப்பாட்டு மண்டபத்தையும் ஜன்னலால் தெரியும் மரத்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவை முதல் மாதத்துக்கு உதவும். நான் கேட்கச் சொல்வது இவற்றை:

- சாமம் மூன்று மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்?
- ஒரு சாதாரண கிழமை எப்படிப் போகும்? மேசைக்கு ஒரு நாள் வராவிட்டால் யாராவது தேடுவார்களா?
- கடைசி இரண்டு கிழமையும், உயிர் போன பிறகு முதல் 24 மணிநேரமும் எப்படி நடக்கும்?
- வைத்தியரோடு பேசி முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது?
- காசு எவ்வளவு, காத்திருப்பு எவ்வளவு?

இவற்றில் மூன்றாவதுக்குத்தான் நான் அதிகப் புள்ளி கொடுப்பேன். யூத மரபில் மரணத்துக்குப் பிந்திய வேலைகள் மணிக்கணக்கில் நடக்கிறவை. உடலைத் தனியே விடுவதில்லை. அடக்கம் வரை ஒருவர் பக்கத்தில் இருந்து வேதத்திலுள்ள சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்களை வாசிப்பார். ஹெவ்ரா கதீஷா என்ற தொண்டர் குழு, ஆணுக்கு ஆண்களும் பெண்ணுக்குப் பெண்களுமாக, உடலைக் கழுவி, பையில்லாத வெள்ளை உடை உடுத்தி, சாதாரண மரப்பெட்டியில் வைக்கும். எம்பாமிங் இல்லை, பார்வைக்கு வைப்பதில்லை, மரபைப் பின்பற்றுபவர்களிடம் எரிப்பதும் இல்லை. முடிந்தால் அடுத்த நாளே அடக்கம். ஆனால் சப்பாத் என்ற ஓய்வுநாளில், அதாவது வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை, அடக்கம் செய்யமாட்டார்கள். வெள்ளி மத்தியானம் ஒருவர் இறந்து, மரணச் சான்றிதழில் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காவிட்டால் ஞாயிறு வரை இழுபடும். சனி ஞாயிறில் மண்டபம் கிடைக்கும்வரை பொறுத்து, பார்வைக்கு வைத்து, எல்லாரும் வந்துபோன பிறகு எடுக்கும் எங்கள் ரொறன்ரோ செத்தவீடுகளுக்குப் பழகியவர்களுக்கு இந்த அவசரம் பிடிபட நேரம் எடுக்கும்.

## அதற்கு முதல்: அவர் எந்த மாதிரி யூதர்?

இதைக் கேட்காமல் "யூதர்தானே, யூத இல்லம்தான் சரி" என்று முடிவெடுப்பது சைவக்காரர் என்று தெரிந்தவுடன் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பது மாதிரி. ரொறன்ரோ யூதர்களில் எத்தனையோ வகை. போலந்து, ஹங்கேரி வழி வந்து இத்திஷ் என்ற ஐரோப்பிய யூத மொழி பேசி வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சோவியத் நாடுகளிலிருந்து வந்த ரஷ்ய மொழிக்காரர்கள் பலருக்குச் சமயப் பழக்கம் குறைவு. அவர்களுக்குக் கோஷர் என்ற, யூதச் சமய விதிப்படியான சாப்பாட்டைவிட ரஷ்ய மொழி தெரிந்த தாதி முக்கியம். ஞாபகமறதி முற்றும்போது பிறகு படித்த ஆங்கிலம் முதலில் போய்விடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. மொரோக்கோவிலிருந்து வந்த செஃபார்டிக் யூதர்கள் பிரெஞ்சும் அரபும் பேசுவார்கள். பாஸ்கா பண்டிகை நாட்களில் செஃபார்டிக் யூதர்களில் சிலர் சோறு சாப்பிடுவார்கள், மொரோக்கோக்காரரில் அது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாஸி யூதர்கள் தொடமாட்டார்கள். வட அமெரிக்க யூத இல்லச் சமையலறைகளில் பெரும்பாலும் அஷ்கெனாஸி வழக்கம்தான். பாஸ்காவுக்குச் சோறு கேட்டு ஒரு மொரோக்கோப் பாட்டி கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன். இருந்தது யூத இல்லத்தில்தான்.

அதனால் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறேன். வெள்ளி மாலையில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மெழுகுதிரி ஏற்றுகிறாரா, சாப்பாட்டுக்கு யாராவது வருகிறார்களா, தொழுகைக்குப் போகிறாரா, அல்லது தொலைக்காட்சியில் ஹொக்கி பார்க்கிறாரா? ஹொக்கி பார்க்கிறவருக்கு யூத இல்லம் கூடாது என்று சொல்லவில்லை. அவருடைய பட்டியலில் அது முதலாவதாக இருக்கவேண்டியதில்லை.

## தெரிவு 1: யூத நீண்டகாலப் பராமரிப்பு இல்லம்

ரொறன்ரோவில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு பேகிரெஸ்ட். எஸ்ரஸ் நோஷிம் என்ற யூதப் பெண்கள் சங்கம் வீடுவீடாகக் காசு சேர்த்து, 1918-இல் சிசில் வீதியில் ஒரு வீட்டில் தொடங்கியது. பொது நிறுவனங்களில் இருந்த யூத முதியவர்களுக்குத் தங்கள் மொழியில் பேச ஆளில்லை, அங்குள்ள சாப்பாட்டையும் தொடமுடியவில்லை என்பதுதான் அந்தப் பெண்களை எழுப்பிய காரணம். 1950-களில் இப்போதைய இடத்துக்குப் போனார்கள். இன்று அங்கே முதியோருக்கான மருத்துவமனை, அதற்குள் கடைசிக் காலத்தில் நோவைக் குறைக்கும் தணிப்புப் பராமரிப்புப் பிரிவு, 472 கட்டில் கொண்ட அப்போடெக்ஸ் பராமரிப்பு இல்லம், தனியே ஓரளவு நடமாடக்கூடியவர்களுக்கான குடியிருப்பு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

இப்படியான இடங்களில் கிழமைக்கு ஒரு வடிவம் உண்டு. வியாழன் வந்தால் ஹல்லா என்ற பின்னல் ரொட்டியின் மணம், வெள்ளி மாலை விளக்கு, சனி காலை உள்ளேயே இருக்கும் தொழுகைக்கூடம், வருடத்தில் சுக்கோத் பண்டிகைக்கு முற்றத்தில் பந்தல், பாஸ்காவுக்குச் சமையலறையையே தலைகீழாக்கும் துப்புரவு. வெள்ளி மாலையை ஒரு மாடியில் கிட்ட நின்று பாருங்கள். தீ ஆபத்து என்பதால் திரிகள் மின்விளக்குத் திரிகள்தான். வைனுக்குப் பதில் முந்திரிகைச் சாறு. விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு ரொட்டி தொண்டையில் சிக்கும் என்பதால் ஹல்லாவின் ஒரு துணுக்கைக் கோழி சூப்பில் ஊறவைத்துக் கரண்டியில் கொடுப்பார்கள். மகளின் பெயர் மறந்துபோனவர்கள்கூடக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஆசீர்வாத மந்திரத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை சொல்லி முடிப்பார்கள். இது ஒரு நல்ல மருந்து என்று எந்த வைத்தியரும் எழுதித் தருவதில்லை, ஆனால் அன்றிரவு அந்த மாடியில் அழைப்பு மணி குறைவாக அடிக்கும்.

இன்னொன்று, ஹிட்லர் கால முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களைப் பராமரித்த அனுபவம். இப்போது மிஞ்சியிருப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் உங்கள் முதியவர் அவர்களில் ஒருவர் என்றால் இதைப் பட்டியலின் மேலே போடுங்கள். குளியலறை ஷவர், சீருடை, வரிசையில் நிற்கவைப்பது, நாய் குரைப்பது, திடீரென்று "இந்த அறையைக் காலி செய்யவேண்டும்" என்று சொல்வது, எது எந்த நினைவைக் கிளப்பும் என்று தெரியாது. தலையணைக்குக் கீழே ரொட்டி ஒளித்து வைப்பவரிடம் அதைப் பிடுங்கக்கூடாது, பழையதை எடுத்துப் புதியதை வைக்கவேண்டும் என்று பழகிய பணியாளருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பேகிரெஸ்ட் இதற்கென்றே பணியாளர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது.

கடைசி நாட்களில் வித்தியாசம் இன்னும் தெளிவு. ரப்பி என்ற யூத மதகுரு ஒருவர் அழைக்கக்கூடிய தூரத்தில் இருக்கிறார். விதூயி என்ற பாவமன்னிப்புச் செபத்தை, நோயாளியைப் பயமுறுத்தாமல், எப்போது சொல்வது என்று அவருக்குத் தெரியும். நோயாளியைப் போய்ப் பார்ப்பது மரபில் கடமை, அதற்குத் தொண்டர்கள் முறைவைத்து வருவார்கள். வேறு சொந்தக்காரர் இல்லாதவர் பக்கத்திலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். இறந்தவுடன் யாரை அழைப்பது, உடலை எப்படி மூடுவது, எதைத் தொடக்கூடாது என்பதை இரவு வேலை செய்யும் பணியாளர்கூட அறிந்திருப்பார்; அவர் கொழும்பிலிருந்தோ மணிலாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். கோஹென் என்ற குருமார் வம்சத்து ஆண்கள் நெருங்கிய உறவல்லாதவரின் உடல் இருக்கும் கூரைக்கு அடியில் இருக்கக்கூடாது என்பது விதி. அதனால் ஒருவர் இறந்தால் வாசலில் அறிவிப்பு வைக்கும் இல்லங்கள் உண்டு. வேறு இடத்தில் இதை விளங்கப்படுத்தவே அரை நாள் போய்விடும்.

பிறகு நினைவுப் பலகை. பித்தளைத் தகட்டில் பெயர், பக்கத்தில் சின்ன மின்குமிழ். ஒவ்வொருவரின் ஆண்டுத் திதியிலும் அந்தக் குமிழ் எரியும். மேசையில் பக்கத்தில் இருந்தவரின் பெயர் அங்கே ஏறுவதை மற்றவர்கள் பார்க்கிறார்கள்.

### மறைந்திருக்கும் செலவுகள்

மாதக் கட்டணம் பெரிதாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் எல்லாவற்றுக்கும் குடியிருப்பாளர் கட்டும் உச்சத் தொகையை அரசுதான் தீர்மானிக்கிறது. பகிர்ந்த சாதாரண அறைக்கு மாதம் 2,000 டொலரைச் சற்றுத் தாண்டும், தனியறைக்கு 3,000 டொலர் அளவில் வரும். யூத இல்லம் என்பதற்காகக் கூட இல்லை. சாதாரண அறைக்காரர் வருமானம் குறைவென்றால் சலுகை கேட்கலாம்.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு குடியிருப்பாளருக்கு நாளொன்றுக்குச் சராசரி நாலு மணிநேர நேரடிப் பராமரிப்பு என்பதுதான் மாகாணச் சட்டம் வைத்த இலக்கு. மிச்சம் இருபது மணிநேரம் இருக்கிறதே! அதனால் வசதியுள்ள குடும்பங்கள் தனியாக ஒரு துணையாளை வைத்துக்கொள்கின்றன. எந்த நல்ல இல்லத்தின் சாப்பாட்டு மண்டபத்திலும் இதைப் பார்க்கலாம். எங்கள் ஆட்களும் நிறையப் பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள். நாளுக்கு ஆறு மணிநேரம் என்று வைத்தாலே இல்லக் கட்டணத்தைவிட அந்தச் சம்பளம் பெரிதாகிவிடும்.

காத்திருப்பு அடுத்தது. பெயர்பெற்ற யூத இல்லங்களுக்கு அது ஆண்டுக்கணக்கில் போகலாம். விண்ணப்பத்தில் ஐந்து இல்லங்கள் வரை எழுதலாம், சமய, மொழிப் பின்னணிக்கான இல்லங்களில் அந்தப் பின்னணி உள்ளவர்களுக்குத் தனி வரிசையும் உண்டு. ஆனால் கட்டில் கிடைத்தது என்று அழைப்பு வந்தால் 24 மணிநேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும், ஐந்து நாளுக்குள் உள்ளே போகவேண்டும். வேண்டாம் என்றால் கோப்பை மூடிவிடுவார்கள். நிலைமை மாறினால் ஒழிய மறுபடி விண்ணப்பிக்க 12 கிழமை பொறுக்கவேண்டும். இதைத் தெரியாமல் "இன்னும் நேரம் வரவில்லை" என்று மறுத்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பொறி: விழுந்து மருத்துவமனைக்குப் போய், அங்கே சிகிச்சை முடிந்தும் வீடு திரும்பமுடியாத நிலை வந்தால், 2022-இல் வந்த சட்டப்படி தெற்கு ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் தூரம் வரை நீங்கள் கேட்காத இல்லத்துக்கும் அதிகாரிகளே பெயரைக் கொடுக்கலாம், போகமறுத்து மருத்துவமனையிலேயே இருந்தால் நாளுக்கு 400 டொலர். யூத இல்லம் வேண்டும் என்றால் நல்லாக நடமாடும்போதே எழுதிப் போடுங்கள்.

சாப்பாட்டு விதியையும் சொல்லவேண்டும். பல யூத இல்லங்களில் வெளிச்சாப்பாட்டை மண்டபத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். கோஷர் முத்திரை இல்லாத எதையும் அறைக்குள்ளேயே, ஒருதடவைத் தட்டில் வைத்துத்தான் கொடுக்கலாம். தமிழ் மருமகள் செய்துகொண்டுபோகும் இடியப்பமும் சொதியும் மாமிக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் மேசையில் மற்றவர்களோடு பகிரமுடியாது. சிலருக்கு இது மனத்தாங்கலாகிறது.

கடைசியாக, சேர்ந்து வாழ்வதற்கும் ஒரு விலை உண்டு. இல்லத்துச் சமூகம் ஆட்களை இழந்துகொண்டே இருக்கும் சமூகம். பகிர்ந்த அறையில் திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இறக்கும்போது இந்தப் பக்கம் மற்றவர் முழித்துக்கொண்டு படுத்திருப்பார். சுற்றிப் பார்க்கப் போகும்போது ஒன்றைக் கேளுங்கள்: இறந்தவரை எந்தக் கதவால் வெளியே கொண்டுபோவீர்கள்? முன்வாசலால், பணியாளரும் மற்றவர்களும் எழுந்து நிற்க என்று சொல்லும் இல்லமும் உண்டு, பின்பக்கத்துச் சாமான் லிஃப்டால் என்று சொல்லும் இல்லமும் உண்டு. இந்த ஒரு பதிலில் நிறையத் தெரிந்துவிடும்.

யாருக்குப் பொருத்தம்: யூத நாட்காட்டியோடு வாழ்கிறவர், தனிமை அவரை உருக்குகிறது, பிள்ளைகள் தூரத்தில், முகாம் நினைவுகள் உள்ளவர், ஞாபகமறதி நடுக்கட்டத்துக்கு வந்தவர்.

## தெரிவு 2: வீட்டிலேயே, ஆள் வைத்து

வீட்டில் இருப்பதற்குப் பெரிய வாதம் ஒன்று: தன் கோப்பை, தன் ஜன்னல், தன் சுவரிலுள்ள படங்கள். பாதர்ஸ்ட் வீதியோரம் இதற்கு உதவும் அமைப்புகளும் இருக்கின்றன. சேர்க்கிள் ஒஃப் கேர் வீட்டுப் பராமரிப்பும் கோஷர் சாப்பாட்டு விநியோகமும் செய்கிறது. மவுண்ட் சைனாய் மருத்துவமனையோடு சேர்ந்த டெம்மி லாட்னர் நிலையத்தின் வைத்தியர்கள் தணிப்புப் பராமரிப்புக்காக வீட்டுக்கே வருவார்கள். அதற்குக் காசு இல்லை, மாகாணக் காப்புறுதி கொடுக்கிறது. நோவுக்கு மோர்ஃபின் ஊசிப் பம்ப், கட்டில், ஒக்சிஜன், எல்லாம் வீட்டுக்கு வரும்.

வராதது ஆள் பலம். அரசு கொடுக்கும் பணியாளர் நேரம் நாளுக்குச் சில மணிநேரம்தான், கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் கூடும். மிச்சத்தை நீங்கள் வாங்கவேண்டும். நிறுவனம் ஒன்றின் மூலம் மணிக்கு 30 டொலர் என்று குறைவாகவே வைத்துப் பார்த்தாலும், 24 மணிநேரமும் என்றால் மாதம் 21,600 டொலர். தங்கி வேலை செய்யும் ஆள் இதைவிட மலிவு, ஆனால் அவருக்கு விடுமுறை உண்டு, தூக்கம் உண்டு, காய்ச்சல் வரும். அவர் இல்லாத சனி ஞாயிறு யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு மகளின் பெயர்தான் பதிலாக வரும்.

அடுத்தது தனிமை. வீட்டில் இருக்கிறார் என்பதால் சமூகத்துக்குள் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. தொழுகைக்கூடத்துக்கு நடந்துபோக முடிந்தவரை ஆட்கள் வருவார்கள், போவார்கள். நடை நின்ற முதல் மாரிக்குப் பிறகு கதவு தட்டுவது குறைந்துவிடும். சில குடும்பங்கள் கிழமைக்கு ஒரு நாள் பகல்நேர நிலையத்துக்கு அனுப்பி இதைச் சமாளிக்கின்றன. நல்ல வழி, ஆனால் கடைசி மாதங்களில் நடக்காது.

சாவு வீட்டில் நடக்கவேண்டும் என்றால் தாள்கள் ஆயத்தமாக இருக்கவேண்டும். இதைப் பராமரிப்புப் பணியாளர்கள் கவனமாக வாசிக்கவும். இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயலவேண்டாம் என்பதற்கு ஒன்ராறியோவில் தொடர் இலக்கம் போட்ட அரசுப் படிவம் இருக்கிறது. வைத்தியரோ தாதியோ நிரப்பிய அந்தப் படிவம் கைக்கெட்டும் இடத்தில், பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஒட்டியிருக்கவேண்டும். பதற்றத்தில் 911-ஐ அழைத்து, வந்தவர்களுக்கு அந்தப் படிவத்தைக் காட்ட முடியாமல் போனால், 92 வயது நெஞ்சை அமுக்கத் தொடங்குவார்கள். எதிர்பார்த்த சாவென்றால் 911 தேவையில்லை, வீட்டுத் தணிப்புக் குழுவின் இரவு இலக்கத்தை அழைக்கவேண்டும். அதன் கீழேயே யூத இறுதிச்சடங்கு நிலையத்தின் இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.

வீட்டுச் சாவுக்குப் பிறகு அதே வீட்டிலேயே ஷிவா என்ற ஏழு நாள் துக்கம் நடக்கலாம். கண்ணாடிகளைத் துணியால் மூடுவார்கள், பிள்ளைகள் பதிவான ஆசனங்களில் இருப்பார்கள், அவித்த முட்டை வரும், பக்கத்து வீட்டார் சாப்பாடு கொண்டுவருவார்கள். முப்பதாம் நாள் அடுத்த கட்டம். எட்டும் முப்பத்தொன்றும் கண்டு வளர்ந்த எங்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தெரியாது.

யாருக்குப் பொருத்தம்: தெளிவான புத்தியோடு "என்னை இங்கேயே விடுங்கள்" என்று சொல்கிறவர், மாதங்களில் முடியக்கூடிய நோய், உதாரணமாகப் புற்றுநோய், அருகிலேயே குறைந்தது ஒரு பிள்ளை, காசு. ஞாபகமறதி நோயில் இந்தக் காலம் எட்டு, பத்து வருடமாக நீளலாம் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

## தெரிவு 3: பக்கத்திலுள்ள சாதாரண இல்லம்

இதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. ஆனால் மகள் வேலைக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடத் தூரத்தில் இருக்கும் சாதாரண இல்லம், ஒன்றரை மணிநேரப் பயணத்திலுள்ள யூத இல்லத்தைவிட நல்லதாக அமையலாம். நாள்தோறும் ஒரு சொந்த முகம் வருவதைப் பணியாளர்களும் கவனிப்பார்கள்; வருகிறவர் இருக்கும் கட்டிலுக்குக் கவனிப்பு ஒரு படி கூட என்பது எழுதாத விதி.

கோஷர் சாப்பாட்டை உறைந்த பெட்டிகளாக வரவழைத்துக் கொடுக்கும் இல்லங்கள் உண்டு. ஆறு மாதம் அதே பெட்டிச் சாப்பாடு சாப்பிட்டுப் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்! ரப்பி அழைத்தால் வருவார், ஆனால் அழைக்க ஒருவர் வேண்டும். டிசம்பரில் கிறிஸ்மஸ் மரமும் பாட்டும் இருக்கும். சிலருக்கு அது சந்தோஷம், சிலருக்கு நெஞ்சில் குத்தும்.

இங்கே வேலை முழுவதும் குடும்பத்தின் தலையில். பராமரிப்புத் திட்டக் கோப்பில் ஒரு பக்கத்தில் எழுதிப் போடுங்கள்: இறந்தவுடன் யாரை அழைப்பது, உடலைத் தனியே விடாமல் யார் வரும்வரை யார் இருப்பது, வெள்ளிக்கிழமை என்றால் என்ன, சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார். இரவு மேற்பார்வையாளருக்கு வாயாலும் சொல்லுங்கள். சொன்னால் பெரும்பாலும் மரியாதையாகச் செய்வார்கள்.

யாருக்குப் பொருத்தம்: சமயப் பழக்கம் குறைந்தவர், மொழியோ மகளின் அருகாமையோ முக்கியமானவர், யூத இல்லத்து வரிசையில் நின்றுகொண்டே இடையில் ஓரிடம் தேவைப்படுபவர். முதலில் கிடைத்த இல்லத்துக்குப் போய்விட்டு, விருப்பமான இல்லத்தின் வரிசையில் தொடர்ந்து நிற்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை.

## சுருக்கமாக ஒரு அட்டவணை

| | யூத இல்லம் | வீடு | பக்கத்து இல்லம் |
|---|---|---|---|
| மாதச் செலவு | 2,000 – 3,000 டொலர் அளவில், துணையாள் தனி | சில ஆயிரத்திலிருந்து 20,000-க்கு மேல் | 2,000 – 3,000 டொலர் அளவில், துணையாள் தனி |
| காத்திருப்பு | நீண்டது | இல்லை | இல்லத்தைப் பொறுத்தது |
| சாமம் 3 மணி | பணியாளர், தாதி | நீங்கள் வைத்த ஆள் அல்லது மகள் | பணியாளர், தாதி |
| வெள்ளி மாலை | தானாக நடக்கும் | யாராவது நடத்தவேண்டும் | குடும்பம் வந்தால் உண்டு |
| முதல் 24 மணிநேரம் | பழகிய கைகள் | தாள் ஆயத்தமென்றால் நன்று | எழுதிக் கொடுத்தால் நடக்கும் |

முதியோர் குடியிருப்பு என்று வேறொரு வகை உண்டு, யூத நிர்வாகத்திலும் இருக்கின்றன. இது முழுக்கத் தனியார் காசு. மாதம் நாலாயிரம் ஐயாயிரத்தில் தொடங்கி மேலே போகும், உதவி கூடக்கூடப் பட்டியலும் கூடும். நடமாடுகிறவருக்குச் சந்தோஷமான இடம். கடைசிக் காலத்துக்கான இடம் என்று நினைத்துப் போகவேண்டாம், நிலைமை முற்றினால் மறுபடி மாறவேண்டி வரும். ஹொஸ்பிஸ் என்ற இறுதிக்காலத் தங்குமனைகள் கடைசிக் கிழமைகளுக்கு. நோயாளியிடம் காசு வாங்குவதில்லை, கட்டில்கள் குறைவு. தெரிவு 2-ஐ எடுக்கிறவர்கள் இரண்டாவது திட்டமாக அங்கேயும் பெயர் கொடுத்து வைக்கவேண்டும்.

## எங்கே இருந்தாலும் வரும் சண்டை

இடம் எதுவானாலும், ஒன்ராறியோவில் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்வது நோயாளி. அவரால் முடியாதபோது அவர் எழுத்தில் நியமித்தவர். இல்லமும் ரப்பியும் ஆலோசனை சொல்லலாம், கையெழுத்து அவர்களுடையதில்லை. உயிர்காப்புக் கருவியை எடுப்பதற்கும் இந்தச் சம்மதம் வேண்டும் என்று 2013-இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஒன்ராறியோ வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. யாரையும் நியமிக்காமல், வாழ்க்கைத்துணையும் இல்லாமல் இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம உரிமை. அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் அரசுப் பொதுக் காப்பாளர் முடிவெடுப்பார். தம்பியும் அக்காவும் எதிரெதிராக நிற்கும் குடும்பம் இதை இரண்டு தரம் வாசிக்கட்டும்.

யூதச் சட்டம் இந்த இடத்தில் நுணுக்கமானது. சாவின் விளிம்பில் இருப்பவரைக் கோஸேஸ் என்பார்கள். அவருடைய சாவை விரைவுபடுத்தும் எதையும் செய்யக்கூடாது, தேவையில்லாமல் அசைக்கவும் கூடாது. ஆனால் உயிர் பிரிவதைத் தடுக்கும் ஒன்று வெளியே இருந்தால், உதாரணமாக வீட்டுக்குப் பக்கத்தில் விறகு கொத்தும் சத்தம், அதை நிறுத்தலாம் என்று 16-ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பின் உரையில் இருக்கிறது. வென்டிலேட்டர் விறகுச் சத்தமா, மூச்சா? ரப்பிமார் இன்றும் ஒருமுகமாக இல்லை. இஸ்ரேல் 2005-இல் இயற்றிய சட்டம், தொடர்ந்து ஓடும் சிகிச்சையை நிறுத்தவிடாது. விட்டுவிட்டுச் செய்யும் சிகிச்சையை மறுபடி தொடங்காமல் விட அனுமதிக்கும்.

நடைமுறையில் முதலில் வெடிப்பது சாப்பாடு. சாப்பாடும் தண்ணீரும் சிகிச்சை அல்ல, அடிப்படைக் கடமை என்று பார்க்கிற ரப்பிமார் பலர். அதனால் விழுங்குவது நின்றவுடன் குழாய் போடும்படி சில பிள்ளைகள் கேட்பார்கள். முற்றிய ஞாபகமறதியில் குழாய் உயிரை நீட்டுவதாகச் சான்றில்லை, கையால் மெதுவாக ஊட்டுவதே நல்லது என்பது முதியோர் வைத்தியத்தின் நிலைப்பாடு. இந்தப் பேச்சை முதல் மாதத்திலேயே ரப்பி, வைத்தியர், பிள்ளைகள் மூவரையும் ஒரே மேசையில் வைத்துப் பேசிவிடுங்கள். நோவு மருந்தைப் பற்றிப் பயப்படவேண்டாம்: நோவைக் குறைப்பதற்காகக் கொடுக்கும் மோர்ஃபினைப் பெரும்பாலான ரப்பிமார் ஏற்கிறார்கள். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைப்பதையும், நோயாளியின் நன்மைக்கென்றால், பெரும்பாலும் தடுப்பதில்லை. கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வைத்திய உதவியோடு சாவைத் தேடிக்கொள்வது கனடாவில் 2016 முதல் சட்டபூர்வம். யூத மரபுச் சட்டம் ஏற்காது, ஆனால் எல்லா யூதரும் அந்தச் சட்டப்படி வாழ்வதில்லை. 2017-இல் வான்கூவரில் அதை அனுமதிக்காத யூத இல்லமொன்றுக்குள், குடியிருப்பாளர் ஒருவர் கேட்டபடி வைத்தியர் வந்து செய்துவிட்டுப் போனதால் பெரிய சர்ச்சை எழுந்தது. இல்லத்துக்கு இல்லம் கொள்கை வேறு. முதியவர் எப்போதாவது அப்படிக் கேட்கக்கூடியவர் என்று தோன்றினால் சேர்க்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## இருவருக்கும் என் பதில்

மருமகளுக்கு: மாமி இன்னும் கையெழுத்திடத் தெளிவோடு இருக்கிறார் என்றால் இந்த மாதமே அவர் விரும்பும் ஒருவரை எழுத்தில் நியமிக்கச் செய்யுங்கள். வழக்கறிஞர் செலவு அண்ணளவாக ஒரு கிழமைப் பராமரிப்புச் செலவுக்குள் வரும். வெள்ளி மாலை விளக்கேற்றுகிறவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் உங்கள் கணவர் பக்கம்தான் என் வாக்கு. யூத இல்லத்தை முதலாவதாகப் போட்டு விண்ணப்பித்துவிட்டு, இடம் வரும்வரை அக்கா சொல்வதுபோல வீட்டில் பாருங்கள். இரண்டு பேருமே பாதி வென்ற மாதிரி. மாமி தனியே உங்களோடு இருக்கும் ஒரு நாளில் அவரிடமே கேட்டும் பாருங்கள், இதுவரை யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

தங்கி வேலை செய்யும் சகோதரிக்கு: பிள்ளைகளிடம் "நான் முடிவு சொல்லமாட்டேன், பார்த்ததைச் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். இரவில் எத்தனை தரம் எழும்புகிறார், யாருடைய பெயரைக் கூப்பிடுகிறார், எந்த நாளில் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்த வைத்தியரின் அறிக்கையைவிடவும் அது அவர்களுக்கு உதவும். உங்களுக்கென்று ஒன்று: அவர் இல்லத்துக்குப் போனாலும் இறந்தாலும் அன்றே உங்கள் வேலையும் தங்குமிடமும் போய்விடும். எத்தனை கிழமை முன்னறிவிப்பு, எத்தனை கிழமைச் சம்பளம், அறையை எப்போது காலி செய்வது என்று இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளைகள் உங்களை நம்பி யோசனை கேட்கும் இந்த நேரத்தில் அதைக் கேட்பது சுலபம்.